பழைய புல்தரையை மீட்பதா, பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போடுவதா?

புல்தரை மஞ்சளடித்து, அங்கங்கே சொட்டை விழுந்து, பாதிக்குப் பாதி களை ஏறிவிட்டால் பலருக்கும் முதலில் தோன்றுவது, எல்லாவற்றையும் வழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக விரித்துவிடலாம் என்பதுதான். நர்சரிக்காரரும் அதைத்தான் சொல்வார். அவருக்கு அது வியாபாரம். விரித்த அன்றே பச்சைப் பசேலென்று இருக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் பழைய புல்லைச் சாகடித்த காரணம் இறுகிய மண்ணிலோ வெட்டும் விதத்திலோ இருந்தால், புதுப் புல்லும் ஓரிரு பருவத்தில் அதே கோலத்துக்கு வந்துவிடும். பெரும்பாலான வீட்டுப் புல்தரைகளுக்கு மீட்பதுதான் சரியான வழி. எந்தத் தரைக்கு அது பொருந்தாது என்பதைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் போதும்.

முதலில் எண்ணிப் பாருங்கள்

தரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு நடங்கள். இரண்டு எட்டுக்கு ஒருமுறை நின்று, செருப்பு நுனிக்கு நேரே இருப்பது நல்ல புல்லா, களையா, வெறும் மண்ணா என்று குறித்துக்கொள்ளுங்கள். குறுக்கும் நெடுக்குமாக நடந்து 100 புள்ளி சேருங்கள். நல்ல புல் 50க்கு மேல் வந்தால் மீட்கலாம். 30க்குக் கீழே போனால் புதிதாகப் போடுவதே மேல். இரண்டுக்கும் நடுவில் நின்றால் புல்லின் ரகத்தைப் பாருங்கள். அருகம்புல் வகை, கொரியன் புல் என்கிற ஜாய்சியா, அகல இலை பஃபெல்லோ புல் ஆகியவை தரையோடு ஓடிக் கணுவுக்குக் கணு வேர் விடுபவை. இடம் கொடுத்தால் சொட்டையைத் தாமே மூடிவிடும். குளிர்ப் பகுதிகளில் போடும் ஃபெஸ்க்யூ, ரைகிராஸ் போன்றவை தூர் கட்டி நிற்பவை. அவற்றில் விழுந்த சொட்டை மேல்விதை (இருக்கும் புல்லின் மேலேயே தூவும் விதை) தூவாமல் மூடாது.

அடுத்து, ஈரமான மண்ணில் நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றைக் கையால் அழுத்துங்கள். 15 செ.மீ. வரை சிரமமில்லாமல் இறங்கினால் மண் சரியாக இருக்கிறது. 5 செ.மீ.யில் முட்டி நின்றால் மண் இறுகியிருக்கிறது. அதன்மேல் எந்தப் புல்லை விரித்தாலும் வேர் இறங்காது. பிறகு கத்தியால் கேக் துண்டுபோல ஒரு பத்தையை அறுத்து எடுத்துப் பாருங்கள். பச்சை இலைக்கும் மண்ணுக்கும் நடுவே பழுப்பு நிறத்தில், பஞ்சுபோல அமுங்கும் ஓர் அடுக்கு தெரியும். மக்காத தண்டும் வேரும் சேர்ந்த அந்தச் சக்கை அடுக்கு 1.25 செ.மீ.க்கு மேல் தடித்திருந்தால் ஊற்றும் தண்ணீர் மண்ணுக்குப் போகாது. வேரும் மண்ணை விட்டுச் சக்கைக்குள்ளேயே ஓடும். கையால் இழுத்தால் புல் பாய்போல உரிந்து வருகிறதா? வேரைப் புழு தின்றிருக்கிறது. அடியில் கிளறினால் ‘C’ வடிவில் சுருண்ட வெள்ளைப் புழுக்கள் கிடக்கும். அதைத் தீர்க்காமல் புதுப் புல் விரிப்பது அவற்றுக்கு அடுத்த வேளைச் சாப்பாடு போடுவதுதான்.

எண்ணிக்கை நன்றாக வந்தாலும் பெயர்த்தே ஆகவேண்டிய நிலைகள் இரண்டு உண்டு. ஒன்று, மட்டம் தவறு: மழைத் தண்ணீர் குட்டையாகத் தேங்குகிறது, அல்லது வீட்டுச் சுவரை நோக்கி ஓடுகிறது. 100 செ.மீ. நீளத்துக்கு 1 முதல் 2 செ.மீ. வரை வெளிப்புறம் பார்த்த சரிவு வேண்டும். அதை மேலோட்டமாக மண் போட்டுச் சரிசெய்ய முடியாது. இன்னொன்று, இடத்துக்கு ஒவ்வாத ரகம்.

பெயர்ப்பதென்றால்: விதையா, கரணையா, பத்தையா?

பழைய புல்லையும் களையையும் அழிக்காமல் மண்ணைக் கொத்திவிடுவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் தவறு. கோரைக் கிழங்கும் அருகின் தண்டும் துண்டு துண்டாகிப் பரவி, ஒன்று பத்தாகும். கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை அடிப்பதென்றால் களை பச்சையாக, நன்றாக வளர்ந்துகொண்டிருக்கும்போது அடிக்கவேண்டும்; வாடிக் கிடக்கும்போது அடித்தால் மருந்து வேருக்கு இறங்காது. 10 முதல் 14 நாள் விட்டு, தண்ணீர் காட்டி, மீண்டும் துளிர்ப்பதற்கு இரண்டாம் முறை அடியுங்கள். மருந்து வேண்டாமென்றால், கடும் வெயில் காலத்தில் மண்ணை நனைத்து, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளை இழுத்து மூடி, ஓரங்களை மண்ணுக்குள் புதைத்து 4 முதல் 6 வாரம் விடலாம். களை விதைகளில் பெரும்பகுதி வெந்துபோகும். கோரைக்கு மட்டும் இதை முழுதாக நம்பவேண்டாம். ஆழத்தில் இருக்கும் கிழங்கு தப்பிக்கும்.

பத்தை, அதாவது மண்ணோடு அறுத்தெடுத்த புல் விரிப்பு, உடனடிப் பலன் தரும், சரிவில் மண் அரிப்பையும் தடுக்கும். அதன் பலவீனம் அடியில் ஒட்டி வரும் மண். களிமண்ணில் வளர்ந்த பத்தையை மணல் தரையில் போட்டால், இரண்டும் சேரும் கோட்டில் தண்ணீர் தயங்கி நிற்கும். வேரும் அங்கேயே நின்றுவிடும். வாங்கும்போது ஒரு பத்தையைத் திருப்பிப் போட்டு அடி மண்ணைப் பாருங்கள். அறுத்த 24 மணி நேரத்துக்குள் விரித்துவிடவேண்டும். அடுக்கி வைத்த பத்தைகள் உள்ளுக்குள் சூடேறி வெந்துபோகும். செங்கல் கட்டுவதைப்போல இணைப்புகள் ஒன்றுக்கொன்று தள்ளி வரட்டும்; இடைவெளியும் வேண்டாம், ஒன்றன்மேல் ஒன்று ஏறவும் வேண்டாம். பிறகு உருளை ஓட்டுங்கள். அடியில் காற்றுப்பை இருந்தால் அந்த இடம் மட்டும் காயும். இரண்டு, மூன்று வாரம் கழித்து ஒரு மூலையைப் பிடித்து இழுத்து, அது கழன்று வராவிட்டால்தான் முதல் வெட்டு.

விதை ரகத்தைப் பொறுத்தது. ரைகிராஸ் 5 முதல் 10 நாளில் முளைக்கும். கென்டக்கி புளூகிராஸ் முளைக்க 2 முதல் 4 வாரம் ஆகும். கலப்பின அருகு ரகங்களில் பலவும் மலடு. அவற்றுக்கு விதையே கிடையாது. சதுர மீட்டருக்குச் சாதாரண அருகு விதை 5 முதல் 10 கிராம், உயர ஃபெஸ்க்யூ 35 முதல் 40 கிராம். மேல்விதையாகத் தூவினால் இதில் பாதி. அதிகம் தூவினால் அடர்த்தியாக வரும் என்று நினைத்து அள்ளி வீசவேண்டாம். நெருக்கத்தில் நாற்று நூலாக இளைத்து, அழுகல் நோய் பிடித்துக் கும்பலாகச் சாயும். அரை செ.மீ.க்கு மேல் ஆழம் போகக்கூடாது. முளைவிட்ட பிறகு ஒரே ஒருநாள் மேல்மண் காய்ந்தாலும் மொத்தமும் போய்விடும். ஆகவே முதல் இரண்டு வாரம் நாளுக்கு இரண்டு, மூன்று முறை மென்மையாகத் தெளிக்க ஆள் இருந்தால் மட்டுமே விதையில் இறங்கலாம்.

கரணை என்பது நடுவதற்காக வெட்டிய சிறு புல் துண்டு. அதற்கு விளம்பரம் கிடையாது, ஆனால் ஓடும் புல் வகைகளுக்கு அதுதான் சிக்கனம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு சதுர மீட்டர் பத்தையை 5 செ.மீ. சதுரத் துண்டுகளாக வெட்டினால் 400 துண்டு. 20 செ.மீ.க்கு ஒன்றாக நட்டால் சதுர மீட்டருக்கு 25 துண்டு போதும். அதாவது ஒரு சதுர மீட்டர் பத்தை 16 சதுர மீட்டரை நிரப்பும். தண்டாக நடுவதென்றால் இரண்டு, மூன்று கணு உள்ள துண்டாக, ஒரு கணுவாவது மண்ணுக்குள் போகும்படி, நுனி வெளியே தெரியும்படி நடுங்கள். வளரும் பருவத்தில் அருகு வகை இரண்டு, மூன்று மாதத்தில் மூடிவிடும். ஜாய்சியா ஆமை வேகம். ஒரு பருவம் முழுக்கப் போகலாம். அந்த இடைவெளியில் முளைக்கும் களையைக் கையால் பிடுங்கப் பொறுமை இருக்கிறவர்களுக்குக் கரணை, இல்லாதவர்களுக்குப் பத்தை.

மீட்பதென்றால்: ஆணிக் குத்தலா, மண் உருளை எடுப்பதா?

செருப்பில் ஆணி கட்டிக்கொண்டு நடப்பது விளையாட்டு, அவ்வளவுதான். ஆணி மண்ணை எடுப்பதில்லை, பக்கவாட்டில் ஒதுக்கி ஓட்டையின் சுவரை இன்னும் இறுக்குகிறது. களிமண்ணில் இது கெடுதலே. உள்ளீடற்ற குழாய்ப் பற்கள் கொண்ட கருவியால் விரல் தடிமனில், 5 முதல் 8 செ.மீ. ஆழத்துக்கு மண்ணை உருளையாகப் பிடுங்கி எடுப்பதுதான் வேலை. துளைக்குத் துளை 10 செ.மீ.க்கு மேல் போகாதபடி இரண்டு திசையில் ஓட்டுங்கள். முந்தின நாள் நனைத்த மண்ணாக இருக்கட்டும். காய்ந்திருந்தால் பல் இறங்காது, சொதசொதவென்று இருந்தால் குழாய் அடைத்துக்கொள்ளும். எடுத்த உருளைகளைப் பொறுக்கவேண்டாம். காயவிட்டு வாரியால் உடைத்துவிட்டால் அந்த மண்ணே சக்கை அடுக்கை மக்கவைக்கும்.

அதன்மேல் சலித்த மக்கிய உரத்தையும் அதே தரையின் மண்ணோடு ஒத்த மண்ணையும் கலந்து 5 மி.மீ. தூவுங்கள். 100 சதுர மீட்டருக்கு அரை கன மீட்டர் பிடிக்கும். வாரியின் முதுகால் தேய்த்த பிறகு புல் நுனி வெளியே தெரியவேண்டும். தொழுவுரத்தை விரற்கடை உயரத்துக்குக் கொட்டிப் பரப்பும் பழக்கம் இருக்கிறதே, அது புல்லை மூச்சுமுட்ட வைக்கும். அரைகுறையாக மக்கியதாக இருந்தால் களை விதையையும் இலவசமாகக் கொண்டுவரும். இதெல்லாம் புல் வேகமாக வளரும் பருவத்தில் செய்யவேண்டிய வேலை. உறக்கத்தில் இருக்கும் புல்லைக் குத்தினால் ஆறாது.

புல் வெட்ட ரீல் இயந்திரமா, ரோட்டரியா?

மீட்டாலும் சரி, புதிதாகப் போட்டாலும் சரி, அடுத்த பத்தாண்டைத் தீர்மானிப்பது இந்தக் கேள்விதான். ரீல் கத்தரிக்கோல்போல வெட்டும்: சுழலும் கத்திகள் அடியில் உள்ள நிலையான தகட்டோடு உரசி இலையை நறுக்கும். வெட்டு சுத்தம், நுனி வெளுக்காது. ஆனால் மட்டமான தரை வேண்டும், சுள்ளியோ கல்லோ மாட்டினால் நின்றுவிடும், 5 செ.மீ.க்கு மேல் உயரம் வைக்கும் புல்லுக்குப் பெரும்பாலும் ஒத்துவராது. ரோட்டரி இலையை வேகத்தால் அடித்து வெட்டுகிறது. மேடு பள்ளம், உயர்ந்த புல், எல்லாவற்றையும் சமாளிக்கும். கத்தி மழுங்கினால் மட்டும் வெட்டாது, கிழிக்கும். வெட்டிய மறுநாள் தரை முழுக்கச் சாம்பல் பூத்ததுபோலத் தெரிந்தால் நோய் என்று மருந்து தேடாதீர்கள். ஓர் இலையைப் பறித்து நுனியைப் பாருங்கள். நார் நாராகப் பிய்ந்திருந்தால் பிளேடுதான் காரணம். 20 முதல் 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை தீட்டி, நடுத் துளையை ஆணியில் மாட்டி இரண்டு பக்கமும் சமமாக நிற்கிறதா என்று பார்த்துப் பூட்டுங்கள். அதற்கு முன் ஸ்பார்க் பிளக் வயரையோ பேட்டரியையோ கழற்றிவிடுங்கள். ரீலுக்கு ஒரு செய்தித்தாள் துண்டு போதும்: கத்திக்கும் தகட்டுக்கும் நடுவே வைத்துக் கையால் சுற்றினால் முழு அகலத்துக்கும் நறுக்கவேண்டும். புதர் வெட்டும் இயந்திரத்தால் முழுத் தரையையும் வீசுவது மூன்றாவது வழி. அலை அலையாகச் சொட்டை விழுவதால் அதை ஓரங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உயரம்: அருகு 2.5 முதல் 4 செ.மீ., ஜாய்சியா 2.5 முதல் 5, பஃபெல்லோ 6 முதல் 10, உயர ஃபெஸ்க்யூ 6 முதல் 9. இயந்திரத்தின் நெம்புகோலில் இருக்கும் எண்ணை நம்பாமல், சிமென்ட் தரையில் நிறுத்தி அளவுகோலால் பிளேடு வரை அளந்துகொள்ளுங்கள். ஒரு வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது: 4 செ.மீ. வேண்டுமென்றால் 6 ஆனதும் வெட்டவேண்டும். ஊருக்குப் போய்வந்து 12 செ.மீ. வளர்ந்துவிட்டதா? முதலில் 8, நான்கைந்து நாள் விட்டுப் படிப்படியாக இறங்குங்கள். ஒட்ட வெட்டினால் இலை குறையும், இலை குறைந்தால் வேரும் சுருங்கும். மண்ணில் வெயில் விழுந்து களை விதை முளைக்கும். வெட்டிய துகளை வாரவேண்டாம். அதில் தழைச்சத்து இருக்கிறது, சக்கை அடுக்கும் அதனால் சேர்வதில்லை. திட்டுத் திட்டாகக் குவிந்தால் மட்டும் பரப்பிவிடுங்கள்.

உரம், தண்ணீர்

யூரியா வேகம், மக்கிய உரம் நிதானம், பூச்சு பூசிய மெதுவுரம் நடுத்தரம். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. சதுர மீட்டருக்கு 5 முதல் 6 கிராம் யூரியா, அதாவது 100 சதுர மீட்டருக்கு சுமார் 550 கிராம். இதைவிட ஒரே முறையில் கூட்டாதீர்கள். இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை நெடுக்காகவும் மறுபாதியைக் குறுக்காகவும் தூவினால் வரி விழாது. இலை காய்ந்திருக்கும்போது தூவி உடனே தண்ணீர் விடவேண்டும். தாமதித்தால் இலை கருகும், சத்தில் ஒரு பகுதி காற்றோடு போகும். மறக்கக்கூடியவர்களுக்கு மெதுவுரமே நல்லது.

மஞ்சளைப் பார்த்ததும் யூரியாவை எடுக்கவேண்டாம். அடியிலிருக்கும் முதிர்ந்த இலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறை. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறை. கார மண்ணில் இது சகஜம். லிட்டருக்கு 5 கிராம் ஃபெரஸ் சல்ஃபேட் கலந்து மாலையில் தெளித்தால் சில நாளில் நிறம் திரும்பும். சிமென்ட் தரையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், துருக் கறை போகாது.

தினம் கொஞ்சமா, விட்டு விட்டு நிறையவா? நிலைத்த புல்லுக்கு இரண்டாவதுதான். வறண்ட வாரத்தில் 25 மி.மீ. போதும், 100 சதுர மீட்டருக்கு 2,500 லிட்டர். தெளிப்பானுக்குக் கீழே ஐந்தாறு தட்டையான டப்பாக்களை வைத்து, எத்தனை நிமிடத்தில் எவ்வளவு சேர்கிறது என்று அளந்தால் யூகம் வேண்டாம். களிமண்ணில் தண்ணீர் ஓடத் தொடங்கினால் நிறுத்தி, அரை மணி கழித்து மீதியை விடுங்கள். மணலில் வாரத்துக்கு இரண்டாகப் பிரியுங்கள். விடியற்காலைதான் நேரம், இரவெல்லாம் இலை நனைந்திருந்தால் பூஞ்சை வரும். நடந்த காலடித் தடம் நிமிராமல் அப்படியே கிடந்தால் புல் தண்ணீர் கேட்கிறது.

களை: கையா, மருந்தா?

அகல இலைக் களை அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் கையே போதும். முளைக்கும் முன் அடிக்கும் மருந்து களை விதைக்கும் புல் விதைக்கும் வித்தியாசம் பார்ப்பதில்லை. மேல்விதை தூவும் பருவத்தில் அதைத் தொடவேண்டாம். 2,4-டி என்ற களைக்கொல்லி அகல இலைக் களையைக் கொல்லும், ஆனால் பஃபெல்லோ புல்லையும் வாட்டும்; டப்பாவில் உங்கள் புல்லின் பெயர் இருக்கிறதா என்று பார்க்காமல் கலக்காதீர்கள். கோரை புல்லே அல்ல. தண்டை விரலிடையே உருட்டினால் முக்கோணம் தட்டும். ஐந்தாறு இலை விடுவதற்குள் திரும்பத் திரும்பப் பிடுங்கினால் கிழங்கு சோர்ந்துபோகும். முற்றவிட்டால் புதுக் கிழங்கு கட்டிவிடும்.

கடைசியாக, நிழல். அருகுக்கு 6 மணி நேர நேரடி வெயில் வேண்டும். பஃபெல்லோ அதைவிடக் குறைவாகத் தாங்கும். நாளுக்கு நான்கு மணி நேரம்கூட வெயில் விழாத மரத்தடியில் மீட்பதும் வீண், புதிதாகப் போடுவதும் வீண். கிளையைக் கழித்து வெயிலை உள்ளே விடுங்கள். முடியாதென்றால் அந்த வட்டத்தை நிழல் தாங்கும் தரைமூடிச் செடிகளுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத் தரையை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.