குளிசை தவறினா எந்த வரிசை எண்டு பாருங்கோ: கருத்தடைக் குளிசையும் பீரியட்ஸ் தள்ளிப்போடுறதும், என்ட அனுபவம்

மகன் பால்குடி மறந்த பிறகு தொடங்கினனான், இப்ப அவன் ஸ்கூல் போறான், இவ்வளவு காலமும் மிதுரி எண்ட கருத்தடைக் குளிசைதான் பாவிக்கிறன். வெள்ளவத்தையில எங்கட ஃப்ளாட்ஸில ஆராவது ஒரு ஆள் எப்பவும் இதப்பற்றிக் கேட்டுக்கொண்டுதான் இருப்பினம், அக்கா ரெண்டு நாள் விடுபட்டிட்டு என்ன செய்ய, கலியாண வீடு வருது தள்ளிப்போடலாமா எண்டு. ரெண்டு கேள்விக்கும் அடி ஒண்டுதான், அதனால சேர்த்தே எழுதுறன்.

முதல் காட்ட, அதுதான் குளிசை அட்டைய, பாருங்கோ. 28 குளிசை, கிழமைக்கு ஒரு வரிசை, அதில 21 வெள்ளை, 7 பிறவுண். வெள்ளையில ஈஸ்ட்ரோஜன் ஒண்டும் புரோஜெஸ்டோஜன் ஒண்டுமா ரெண்டு ஹோர்மோன் இருக்கு, பிறவுணில இரும்புச்சத்து மட்டும்தான், அது நாள் கணக்கு பிசகாம இருக்கத்தான். வெள்ளை போடுற காலத்தில சூலகம் உறங்கிக்கொண்டிருக்கும், பிறவுண் 7 நாளும் மெல்ல முழிக்கப் பார்க்கும், எட்டாம் நாள் அடுத்த காட்டின்ட வெள்ளை போட்டா திரும்ப அடங்கிடும். அந்த 7 நாள் இடைவெளி எட்டு ஒன்பது பத்து எண்டு நீண்டா அது முழுசா முழிச்சு முட்டை வெளியில வரலாம். இவ்வளவுதான் விசயம். அதனால காட்டின்ட நடுவில ஒண்டு தவறினதுக்கு விடிய விடிய நித்திரை இல்லாம இருக்கத் தேவையில்ல, ஆனா முதல் வரிசையிலயோ மூண்டாவது வரிசையிலயோ ரெண்டு தவறினா அது இடைவெளிய நீட்டிப்போடும், அங்கதான் கவனம் வேணும்.

தொடக்கத்தில எனக்கு பிரட்டல் இருந்தது, இடைக்கிட பொட்டுப் பொட்டா ரத்தம் பட்டுது, காலமைச் சாப்பாட்டோட போட்டத இரவுச் சாப்பாட்டுக்கு மாத்தினதும் பிரட்டல் போயிட்டு, ரத்தம் படுறது ரெண்டு மூண்டு காட்டோட நிண்டிட்டு. பிறகு பீரியட்ஸ் குறைஞ்சு முதல் நாள் வயித்து நோவும் விட்டுப்போச்சு, அதுக்காகவே இத விட மனமில்ல. நிறை எனக்கு ஏறேல்ல. கிளினிக்கில பிரஷர் பார்க்கிறத மட்டும் விடுறதில்ல, இதில பிரஷர் ஏறக்கூடும், ஏறினா வேற முறைக்கு மாறத்தான் வேணும்.

தவறின கதைக்கு வாறன். யாழ்ப்பாணம் போற நைட் பஸ், பேக் மாறிப்போய் காட் வீட்டில நிண்டிட்டு, நான் அங்க, திரும்பி வந்து பார்க்க ரெண்டு குழி அப்படியே கிடக்கு. எங்கட ஏரியா மிட்வைஃபுக்கு கோல் எடுத்து "மிஸ், ரெண்டு விடுபட்டிட்டு" எண்டன். அவ கேட்ட முதல் கேள்வி "எந்த வரிசை பிள்ளை?" நான் மூண்டாவது எண்டன். "அப்ப இப்பவே ஒண்டு போடுங்கோ, மற்றத எறியுங்கோ, வெள்ளை முடிஞ்ச அடுத்த நாளே புதுக் காட் தொடங்குங்கோ, பிறவுணத் தொடவேண்டாம், 7 நாளைக்கு கொண்டம் பாவியுங்கோ" எண்டா. நான் பயந்து "அப்ப பீரியட்ஸ் வராதே மிஸ்?" எண்டு கேட்க, "வராட்டி என்ன, அடுத்த காட் முடிய வரும்" எண்டு சாதாரணமாச் சொன்னா.

அந்த இடத்திலதான் எனக்கு எல்லாம் பிடிபட்டது. இடைவெளி நீளுறதுதான் ஆபத்து, இடைவெளியே இல்லாம வெள்ளைக்குப் பின்னால வெள்ளை போட்டா ஆபத்தில்ல, பாதுகாப்பு கூடத்தான் செய்யும். குளிசை பாவிக்கிற ஆக்களுக்கு மாசம் மாசம் வாறது ஹோர்மோன் நிப்பாட்டினதால வாற ரத்தப்போக்கு, உள்ள அழுக்கு ரத்தம் தேங்கும் எண்டு மாமி ஆக்கள் சொல்றது சரியில்ல, குளிசையால கருப்பைச் சவ்வே மெல்லிசாத்தான் வளரும், தேங்க ஒண்டும் இல்ல.

மற்ற வரிசையில தவறினா இப்படித்தான். போட வேண்டிய நேரம் தாண்டி 48 மணித்தியாலம் ஆகேல்ல எண்டா, அதாவது ஒண்டுதான் தவறினது எண்டா, ஞாபகம் வந்த உடனே போடுங்கோ, ஒரே நாளில ரெண்டு போட வந்தாலும் பரவாயில்ல, வேற ஒண்டும் தேவையில்ல. ரெண்டோ கூடவோ தவறினா கடைசியாத் தவறினத மட்டும் போட்டு மிச்சத்த வழமைபோல போட்டுக்கொண்டு, தொடர்ந்து 7 வெள்ளை போடும் வரைக்கும் கொண்டம். ரெண்டு தவறினது முதல் வரிசையில எண்டா, கடந்த 5 நாளுக்குள்ள பாதுகாப்பில்லாம இருந்திருந்தா, போஸ்டினோர் எண்ட அவசரக் கருத்தடைக் குளிசை தேவையா எண்டு உடன கேளுங்கோ, அது 72 மணித்தியாலத்துக்குள்ள எவ்வளவு கெதியாப் போடுறமோ அவ்வளவு நல்லம். பிறவுண் தவறினா எறிஞ்சிட்டுப் போங்கோ. குளிசை போட்டு 3 மணித்தியாலத்துக்குள்ள சத்தி எடுத்தா இன்னொண்டு போடவேணும், சத்தியோ வயித்தோட்டமோ ஒரு நாளைக்கு மேல கடுமையா இருந்தா அந்த நாளெல்லாம் தவறின கணக்கு. சாதாரண அன்டிபயோட்டிக் ஒண்டும் செய்யாது, ஆனா காசநோய்க்கு குடுக்கிற ரிஃபாம்பிசின், வலிப்புக்கு குடுக்கிற கார்பமசெபின் மாதிரி மருந்துகள் குளிசையின்ட வேலையக் குறைக்கும், அதக் கட்டாயம் டொக்டரிட்ட சொல்லுங்கோ.

இப்ப நான் நல்லூர் தேர், ஆடிவேல், சொந்தத்தில கலியாணம் எண்டா பிறவுண விட்டிட்டு நேரா அடுத்த காட்டுக்குப் போறன், அவ்வளவுதான். சில நேரம் இடையில பொட்டா ரத்தம் படும், அது தவறு நடந்ததுக்கு அடையாளமில்ல, குளிசைய விடாமப் போடுங்கோ. வெள்ளை எல்லாம் ஒரே அளவு ஹோர்மோன் உள்ள காட்டுக்குத்தான் இது லேசு, வரிசைக்கு வரிசை நிறம் மாறுற காட் எண்டா கேட்டுத்தான் செய்யவேணும்.

குளிசை பாவிக்காத ஆக்களின்ட கதை வேற, இதில எனக்கு உண்மையாவே கோவம் இருக்கு. என்ட மச்சாள் கோயிலுக்குப் போக எண்டு ஒரு பார்மசியில கேட்க, ஒரு கேள்வியும் கேளாம நோரெதிஸ்டரோன் 5 மில்லிகிராம் குளிசைய பேப்பர் கவரில போட்டு, மேல பேனையால "3 வேளை" எண்டு எழுதிக் குடுத்திட்டினம். அளவு பிழையில்ல, பீரியட்ஸ் வாறதுக்கு 3 நாள் முன்னாலயே தொடங்கி நாளைக்கு மூண்டு, நிப்பாட்டி ரெண்டு மூண்டு நாளில வரும். ஆனா அவவுக்கு தலையிடி வர முதல் கண்ணுக்கு முன்னால வளைஞ்சு வளைஞ்சு வெளிச்சம் மின்னும், அந்த மாதிரி மைக்ரேன் உள்ள ஆக்களுக்கு ஈஸ்ட்ரோஜன் சேர்ந்த குளிசை பக்கவாதத்துக்கு வழி விடும், நோரெதிஸ்டரோன் இந்த அளவில போட்டா உடம்புக்குள்ள கொஞ்சம் ஈஸ்ட்ரோஜனா மாறும். நான் தொடவேண்டாம் எண்டு சொல்லி விஓஜியிட்ட, அதுதான் பெண் நோய் டொக்டரிட்ட, கூட்டிக்கொண்டு போனன், அவர் அப்படி மாறாத மெட்ரொக்ஸிப்ரோஜெஸ்டரோன் எழுதினார். காலில ரத்தம் கட்டினது, புகை பிடிக்கிறது, கூடின பிரஷர், மார்புப் புற்றுநோய் எண்டு இருக்கிற ஆக்களும் கேளாம எதையும் போடக்கூடாது. இன்னொண்டு, அந்த நோரெதிஸ்டரோன் கருத்தடை இல்ல, போஸ்டினோர் பீரியட்ஸ் தள்ளிப்போடுற குளிசையும் இல்ல, ரெண்டையும் மாறிப் பாவிக்கிற பிள்ளையள் இருக்கினம்.

ஒரு கால் மட்டும் வீங்கி நோகிறது, திடீரெண்டு நெஞ்சு நோவு, மூச்சு எடுக்கக் கஷ்டம், இதுவரை வராத மாதிரி தலையிடி, பார்வை மங்கிறது, இதில எது வந்தாலும் காட்ட வைச்சிட்டு நேரா ஆஸ்பத்திரி. கிளினிக் நாள் வரும் வரை பார்த்துக்கொண்டு இருக்காதேங்கோ. காட் முடியப் போகுது எண்டா மிட்வைஃபிட்ட முன்னமே சொல்லி வைச்சா அவ கிளினிக்கில எடுத்துத் தருவா, பார்மசியிலயும் வாங்கலாம், கொழும்பு 7 புல்லர்ஸ் லேனில இருக்கிற குடும்பத் திட்டச் சங்கத்திலயும் போய் ஆறுதலாக் கதைக்கலாம்.