பிஎம் கிசான் தளம்: பெயர் தெரியும், நிலம் தெரியாது

கொரோனா நிவாரணமாக விவசாயிக்கு மத்திய அரசு தந்த 2,000 ரூபாய் கூடுதல் பணம் அல்ல. 2020 மார்ச் 26 அன்று, 8.7 கோடி விவசாயிகளுக்கு ஏப்ரல் முதல் வாரத்தில் பணம் வரும் என்று நிதியமைச்சர் அறிவித்தார். அது ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிஎம் கிசான் திட்டத்தின் ஏப்ரல்–ஜூலை தவணை. முன்கூட்டி வந்தது, அவ்வளவுதான். அதனால் நிவாரணக் கணக்கைப் பார்க்கவும் பிஎம் கிசான் இணையதளத்துக்குத்தான் போக வேண்டும்.

தளத்தின் நல்ல பகுதி பயனாளிகள் பட்டியல். 'ஃபார்மர்ஸ் கார்னர்' பகுதியில் மாநிலம், மாவட்டம், வட்டம், ஒன்றியம், கிராமம் என்று தேர்ந்தெடுத்தால் ஊர்ப் பட்டியல் வந்துவிடும். லாகின், ஓடிபி எதுவும் வேண்டாம். தெருப்பெயரையோ குக்கிராமத்தின் பெயரையோ தேடாமல் பட்டாவில் உள்ள வருவாய் கிராமத்தைத் தேடுங்கள்.

வரும் பட்டியலில் இருப்பது பெயரும் ஆணா பெண்ணா என்பதும்தான். சர்வே எண் இல்லை, பரப்பு இல்லை, எந்தத் தவணை வாங்கினார் என்பதும் இல்லை. ஊரில் ஒரே பெயரில் நாலு முருகேசன் இருந்தால் நிலமே இல்லாத முருகேசனை எப்படிக் கண்டுபிடிப்பது? நூறு நாள் வேலைத் தளத்தில் அட்டை வாரியாக வேலை நாளும் கூலியும் தெரிகிறது. இங்கே அந்த அளவுகூட இல்லை.

இந்த ஓட்டையின் விலை 2020-லேயே தெரிந்தது. விவசாயிகள் தாங்களே பதிவு செய்யலாம் என்ற வசதியையும் அதிகாரிகளின் கடவுச்சொல்லையும் வைத்துத் தரகர்களும் கணினி மையங்களும் தகுதியில்லாதவர்களைச் சேர்த்தார்கள். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் என்று பரவிய முறைகேட்டின் மதிப்பு 110 கோடி ரூபாய் என்றது வேளாண் துறை. விசாரணை சிபிசிஐடிக்குப் போனது. நாடு முழுவதும் 20.48 லட்சம் தகுதியற்றவர்களுக்கு 1,364 கோடி போனது 2021 ஜனவரியில் ஒரு ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) பதிலில்தான் வெளிவந்தது. அதே ஆண்டு ஜூலையில் நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கு: 42 லட்சம் பேர், சுமார் 3,000 கோடி.

சொந்தக் கணக்கைப் பார்க்க மட்டும் தளம் உருப்படியானது. பதிவு எண் மறந்தாலும் மொபைல் எண், ஓடிபி போதும். நில இணைப்பு, இ-கேஒய்சி (ஆதார் வழி அடையாளச் சரிபார்ப்பு), ஆதார்–வங்கி இணைப்பு மூன்றுக்கும் 'யெஸ்' இருக்க வேண்டும். நிலத்துக்கு 'நோ' என்றால் பட்டா, சிட்டாவோடு வட்டார வேளாண் அலுவலகம் போங்கள். கூட்டுப் பட்டாவில்தான் அதிகம் சிக்கும். வங்கியில் ஆதார் நகல் கொடுத்திருந்தால் போதாது, வங்கிகளுக்கு இடையே பணப் பரிமாற்றத்தை நடத்தும் என்பிசிஐ-யில் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். இரண்டு கணக்கு இருந்தால் கடைசியாக இணைத்ததற்குப் பணம் போகும். 'வரவில்லை' என்று தேடும் பணம் பெரும்பாலும் அந்த மறந்துபோன பாஸ்புக்கில் கிடக்கும்.

ஊர்க் கணக்கு வேண்டும் என்றால் ஆர்டிஐதான் வழி. 10 ரூபாய் கோர்ட்டு ஸ்டாம்பு ஒட்டி, வருவாய் கிராமம், '2020 ஏப்ரல்–ஜூலை தவணை' என்று குறிப்பிட்டு, பயனாளிகள் எண்ணிக்கை, மொத்தத் தொகை, திரும்ப வசூலித்த தொகை மூன்றை மட்டும் கேளுங்கள். பெயரும் வங்கி எண்ணும் கேட்டால் தனிநபர் தகவல் என்று மனுவைத் தள்ளிவிடுவார்கள்.