இதய மாத்திரையும் என் தாடைப் பருவும்

சித்தி மகள் போன வாரம் போன் பண்ணினாள். "அக்கா, முகத்துக்கு என்ன க்ரீம் போடுறே?" அவளுக்கும் இருபதுகளின் கடைசியில் தாடையோரம் ஆரம்பித்திருக்கிறது. க்ரீமால் ஆனதில்லை, ஸ்பைரோனோலாக்டோன் என்று ஒரு மாத்திரை என்றேன். தேடிப் பார்த்துவிட்டு உடனே மறுபடி கூப்பிட்டாள். "இது ஹார்ட் ஃபெயிலியருக்குக் குடுக்கிறதுன்னு போட்டிருக்கே. உனக்கு ஒண்ணும் இல்லையே அக்கா?" போனில் சொல்லி மாளாது என்பதால் எழுதுகிறேன்.

எந்த மாதிரிப் பரு என்று இதை அனுபவிப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தாடை, முகவாய், கழுத்தின் மேல்பாகம். தோலுக்கு அடியில் உருண்டு நிற்கும், பழுக்காது, உடையாது. பீரியட்ஸுக்கு ஒரு வாரம் முன்னால் கிளம்பும். ஒருக்களித்துப் படுத்தால் தலையணை பட்டு வலிக்கும். ரத்தப் பரிசோதனையில் எனக்கு எல்லா ஹார்மோனும் சரியாகவே இருந்தன. அதுவும் சகஜம்தான். ஆன்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோன் அளவோடு இருந்தாலும் எண்ணெய்ச் சுரப்பிகள் அதற்கு மிஞ்சி ஆடினால் போதும், பரு வந்துவிடும்.

முன்னால் சாப்பிட்டதையும் தடவியதையும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அசித்ரோமைசின், டாக்ஸிசைக்ளின்: சாப்பிடும்வரை அடங்கிக் கிடக்கும், நிறுத்தினால் எழுந்துவிடும். ஆன்டிபயாடிக்கை மாதக்கணக்கில் இழுக்கவும் கூடாது, கிருமி பழகிப்போகும். பென்சாயில் பெராக்ஸைடு ஜெல் பரவாயில்லை. வீட்டில் இருந்த நல்ல துண்டு, தலையணை உறை அத்தனையிலும் வெளுத்த திட்டுகள். அடாபலின் இன்றும் இரவில் தடவுகிறேன், அது இல்லாமல் சரிப்படாது. ஐசோட்ரெடினோயின் உண்மையிலேயே பெரிய மருந்து. எடுத்த காலமெல்லாம் உதடு வெடித்துக் கிடந்தது, ஆனால் முகம் அப்படித் தெளிந்தது. கொஞ்ச காலம் நிம்மதி, அப்புறம் தாடையில் மட்டும் மறுபடி தலைதூக்கியது. வயது வந்த பெண்களின் ஹார்மோன் பரு இப்படித் திரும்புவது புதிதில்லை என்று அடுத்து பார்த்த டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. தெரிந்தவர்கள் கையில் திணித்த வெள்ளையாக்கும் ட்யூப்களை நான் தொடவில்லை. அவற்றில் பலவும் ஸ்டீராய்டு கலந்தவை. முதல் வாரம் பளபளக்கும், பிறகு ஸ்டீராய்டு பரு என்று தனிக் கணக்கு தொடங்கும்.

சரி, மாத்திரைக்கு வருவோம். ஸ்பைரோனோலாக்டோன் 1950களின் கடைசியில் வந்தது. உப்பையும் நீரையும் பிடித்து வைக்கும்படி சிறுநீரகத்துக்கு உத்தரவிடும் ஆல்டோஸ்டிரோன் ஹார்மோனை மறிப்பது அதன் வேலை. கால் வீக்கம், ரத்த அழுத்தம், இதயச் செயலிழப்பு, கல்லீரல் கெட்டு வயிற்றில் நீர் கோத்துக்கொள்வது, இவற்றுக்குத்தான் கொடுத்தார்கள். சாப்பிட்ட ஆண்களில் சிலருக்கு மார்பு வீங்கி வலித்தது. ஆண் ஹார்மோன் போய் ஒட்ட வேண்டிய இடத்தையும் இந்த மருந்து அடைத்துக்கொள்வதால் வந்த வினை. ஆண்களுக்குப் பக்கவிளைவான அதே குணம் பெண்களின் தாடைப் பருவுக்கும் முகவாய் முடிக்கும் வைத்தியமாகிவிட்டது. ஆண்களின் பருவுக்கு இதை எழுதிக் கொடுக்காததற்கும் அதுதான் காரணம்.

அதாவது, என் முகத்துக்காக இந்த மாத்திரையை யாரும் செய்யவில்லை. எனக்கு எரிச்சலூட்டும் அத்தனையும் இந்த ஒரு இடத்தில்தான் வந்து நிற்கின்றன.

முதலில் மெடிக்கல். மாதாமாதம் நடப்பது இது:

"யாருக்கும்மா, அப்பாவுக்கா?"

"எனக்குத்தான்ண்ணே."

"பிரஷரா? இந்த வயசுலயேவா?"

பின்னால் நாலு பேர் நிற்கும்போது முகப்பருவுக்கு என்று சொன்னால், டாக்டர் மாற்றி எழுதிவிட்டாரோ என்று சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். கவுண்டரில் ஆள் மாறினால் முதலிலிருந்து விசாரணை. இப்போதெல்லாம் "ஆமாண்ணே, பிரஷர்" என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன். மருந்தோடு வரும் தாளிலும் பரு என்ற பேச்சே கிடையாது. அமெரிக்காவில்கூட இன்றுவரை பருவுக்கென்று இதற்கு அங்கீகாரம் இல்லை. டாக்டர்கள் தங்கள் பொறுப்பில்தான் எழுதுகிறார்கள். காப்புரிமை எப்போதோ முடிந்துபோன மலிவு மருந்துக்கு எந்தக் கம்பெனி புதிதாகச் சோதனை நடத்தும்? எனக்கு ஒரு மாதத்துக்கு ஆகும் செலவில் கடையில் ஒரு நல்ல சீரம் புட்டி வாங்க முடியாது.

அடுத்தது, சொல்லக் கூச்சமான விஷயம், ஆனால் இதுதான் அன்றாடம் படுத்துகிறது. இது நீரிறக்கும் மாத்திரை. காலைச் சாப்பாட்டோடு போட்டால் மதியத்துக்குள் எத்தனை தடவை எழுந்திருக்க வேண்டும் என்பதை மீட்டிங்கில் என் பக்கத்தில் உட்காருபவர்களிடம் கேளுங்கள். ராத்திரி போட்டால் தூக்கம் போச்சு. முதல் மாதங்களில் எழுந்து நின்றால் லேசாகத் தலை சுற்றும், தாகமும் சேர்ந்துகொள்ளும். தண்ணீர் குடித்தால் அதற்கும் எழுந்திருக்க வேண்டும். சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு ராத்திரி ஆம்னி பஸ்ஸில் போகும் பெண்களுக்குத் தெரியும், நெடுஞ்சாலை மோட்டலில் நிறுத்தும்வரை என்ன பாடு என்று. நிறுத்திய பிறகும் அந்தக் கழிவறையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்வோம். இந்த மாத்திரை வந்ததும் பஸ்ஸையே விட்டுவிட்டேன். நெல்லை எக்ஸ்பிரஸில் இடம் கிடைத்தால் ஊர், இல்லையென்றால் அடுத்த மாதம். ஒரு பரு மருந்து என் பயணத்தைத் தீர்மானிப்பது நியாயமா?

ஊருக்குப் போனால் அங்கே இளநீர். பரு என்றால் எங்கள் பக்கத்தில் ஒரே காரணம்தான்: சூட்டு உடம்பு. பெரியம்மா சீவி வைத்துக்கொண்டு காத்திருப்பார். இந்த மருந்தோ உப்பை வெளியே தள்ளிவிட்டுப் பொட்டாசியத்தை உள்ளே பிடித்து வைக்கும். இளநீரில் பொட்டாசியம் நிறைய. முதலில் பயந்துபோய் ஒவ்வொரு இளநீரையும் மறுத்தேன், பெரியம்மாவுக்கு மனத்தாங்கல். பரிசோதனை செய்து பார்த்த டாக்டர் எப்போதாவது ஒன்று குடிக்கலாம் என்றார். வேறு நோயில்லாத இளம் பெண்களுக்குப் பொட்டாசியத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கத் தேவையில்லை என்று அமெரிக்கத் தோல் மருத்துவ அகாடமியின் 2024 வழிகாட்டுதலும் சொல்கிறது. சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ சில வகை ரத்த அழுத்த மாத்திரைகள் சாப்பிட்டாலோ கதை வேறு. இன்னொன்று: நீர்க்கடுப்பு என்று போனால் கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக்கை எழுதித் தரக்கூடும். அதுவும் பொட்டாசியத்தை ஏற்றும், இரண்டும் சேரக்கூடாது. எந்த டாக்டரிடம் எதற்குப் போனாலும் இந்த மாத்திரையைச் சாப்பிடுவதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

இவ்வளவு திட்டியாகிவிட்டது. இனி உள்ளதைச் சொல்ல வேண்டும்: வேலை செய்கிறது. நான் எடுத்ததிலேயே தாடையைத் தொட்டது இது ஒன்றுதான். ஆனால் அதன் வேகத்தை யாரும் ஒழுங்காகச் சொல்வதில்லை. 50 மி.கி.யில் தொடங்கி 100க்குப் போனேன். மூன்றாம் மாதம்வரை கண்ணாடியில் ஒரு மாற்றமும் இல்லை. பீரியட்ஸ் தாறுமாறாகி நடுவில் உதிரம் எட்டிப் பார்த்ததும் மார்பு கனத்ததும்தான் மிச்சம். விட்டுவிடலாம் என்று இருந்தவளுக்கு டாக்டர் ஒரு ஆய்வைக் காட்டினார். பிரிட்டன் அரசு நிதியில் சாஃபா என்று ஒரு சோதனை, 410 பெண்கள், முடிவுகள் 2023இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்தன. பன்னிரண்டு வாரத்தில் முகம் தேறியதாகச் சொன்னவர்கள் மருந்து சாப்பிட்டவர்களில் 72 சதவீதம். மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 68. பெரிய வித்தியாசமில்லை. இருபத்து நான்கு வாரத்தில் 82க்கு 63. பாதி வழியில் விட்டவர்களுக்கு இந்த மருந்து ஏறக்குறைய வெற்று மாத்திரைதான். மாதம் ஒருமுறை வரச் சொல்லி, ஒவ்வொரு முறையும் சீட்டை மாற்றும் கிளினிக்குகளில் இது எப்படித் தேறும்?

எனக்கு நாலாம் மாதம் கட்டிகள் சிறிதாகின. ஆறாம் மாதம் பீரியட்ஸ் வந்து போனது, தாடை அப்படியே இருந்தது. நம்பாமல் விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எதிர்பாராத இன்னொரு லாபமும் உண்டு: மதியத்துக்குள் எண்ணெய் வழியும் முகம் நின்றுபோனது. அட்டையைப் பிரித்தால் வரும் லேசான புதினா வாசனையும் எனக்குப் பிடிக்கும், மருந்து என்றே தோன்றாது. பழைய கறைகளை இது எடுக்காது. நம் நிறத்துக்குப் பரு போனாலும் கறை மாதக்கணக்கில் நிற்கும். அதற்குத் தடவும் அசெலாயிக் ஆசிடும் சன்ஸ்கிரீனும் தனி.

ஆனால் இது குணமாக்கும் மருந்தில்லை, சாப்பிடும்வரை அடக்கி வைக்கும் மருந்து. நடுவில் சில வாரம் விட்டுப் பார்த்தபோது தாடை பழையபடி கனக்கத் தொடங்கியது. கர்ப்ப காலத்தில் சாப்பிடவே கூடாது. வயிற்றில் இருப்பது ஆண் குழந்தையென்றால் அதன் பிறப்புறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கலாம் என்பதால் முன்னதாகவே நிறுத்த வேண்டும். பார்க்கிறவர்களெல்லாம் "விசேஷம் உண்டா?" என்று கேட்கும் வயதில் இருக்கிறேன். அந்த முடிவை எடுக்கும் நாளில் பருவும் கூடவே வந்து உட்காரும். அப்போது அசெலாயிக் ஆசிட் மாதிரிச் சிலதுதான் கையில் இருக்கும். சித்தி மகளுக்குத் தையில் கல்யாணம். அவள் டாக்டரிடம் முதலில் பேச வேண்டியது இதைத்தான்.

ஆண் ஹார்மோனை மறிக்கும் இதே வேலையைத் தோலோடு நிறுத்திக்கொள்ளும் க்ளாஸ்கோடெரோன் என்ற க்ரீமை 2020இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். எங்கள் தெரு மெடிக்கலில் கேட்டேன். பெயரை எழுதிக் காட்டச் சொன்னார்கள், எழுதினேன், இல்லை என்றார்கள்.

மதிப்பெண் கேட்டால் பத்துக்கு நாலுதான் போடுவேன். இத்தனை வருஷத்தில் முகத்தில் கை வைக்காமல் தூங்கும் நாட்களை இந்த மாத்திரைதான் கொடுத்தது, தெரியும். இருந்தாலும் நாலுதான். பஸ்ஸில் போக முடியாதபடி செய்யும் மருந்துக்கு அதற்கு மேல் மனசு வரவில்லை. அளவைப் பாதியாகக் குறைத்துப் பார்க்கலாமா என்று டாக்டர் போன தடவை கேட்டார். சித்தி மகளின் கல்யாண ஆல்பம் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன்.