சுவரிலிருந்து பெயர்த்தது என்று சொல்லி விற்கப்படும் இன்வேடர் மொசைக்: பணம் கொடுப்பதற்கு முன் படியுங்கள்

பாரிஸில் வாழும் நான், சென்ற ஆண்டின் இறுதியில் 2,400 யூரோ கொடுத்து ஒரு போலி மொசைக்கை வாங்கி ஏமாந்தேன். இன்வேடர் என்ற புனைபெயரில் இயங்கும் பிரெஞ்சுக் கலைஞரின் படைப்புகளைத் தேடி வாங்குவோர் நம்மவர்களிலும் இருக்கிறார்கள் என்பதால், நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட ஸ்பேஸ் இன்வேடர்ஸ் விளையாட்டின் உருவங்களைச் சிறு சதுர டைல்களால் அமைத்து, 1990களின் பிற்பகுதியிலிருந்து அவர் நகரம் நகரமாகச் சுவர்களில் ஒட்டி வருகிறார். பாரிஸில் மட்டும் அவற்றின் எண்ணிக்கை 2024இல் 1,500ஐ எட்டியது. தெருவில் இருப்பவை விற்பனைக்கு உரியவை அல்ல. சேகரிப்பாளர்களுக்காக அவர் செய்பவை வேறு. ஒவ்வொரு தெருப் படைப்புக்கும் ஒன்றே ஒன்று என்ற கணக்கில், அடையாள அட்டையுடன் வரும் ‘அலியாஸ்’ என்ற பிரதி அவற்றில் ஒன்று; நாமே ஒட்டிக்கொள்ளும்படி எண்ணிட்டு வெளியிடப்பட்ட ‘இன்வேஷன் கிட்’ பெட்டி இன்னொன்று. அலியாஸ் என் வசதிக்கு எட்டாதது. அந்த இயலாமையைத்தான் விற்றவர் பயன்படுத்திக்கொண்டார்.

பழைய பொருள்களை விற்கும் இணையதளம் ஒன்றில் அவரைக் கண்டேன். 13ஆம் வட்டாரத்தில் ஒரு கட்டடத்தைப் புதுப்பித்தபோது ஒப்பந்தக்காரர் பெயர்த்தெடுத்த மொசைக் தன்னிடம் இருப்பதாகவும், குப்பைக்குப் போகவிருந்ததைத் தான் காப்பாற்றியதாகவும் அவர் சொன்னார். அந்த மொசைக் சுவரில் இருந்த காலத்தில், 2016இல், நானே அதைப் படம் எடுத்திருக்கிறேன்; இந்த மொசைக்குகளைப் படம் எடுத்தால் புள்ளிகள் தரும் ஃப்ளாஷ்இன்வேடர்ஸ் என்ற செயலியில் அதற்கான புள்ளிகளும் என்னிடம் உள்ளன. சில ஆண்டுகளுக்கு முன் அது காணாமற்போனபோது வருந்தியவன் என்பதால், திரும்பக் கிடைக்கிறது என்றதும் என் எச்சரிக்கை உணர்வு தளர்ந்துவிட்டது. முத்திரையும் கையொப்பமும் கொண்ட ஒரு சான்றிதழின் படத்தை அனுப்பினார். வேறொருவர் மறுநாள் காலை வாங்க வருவதாகவும் சொன்னார். அன்றிரவே வங்கி வழியாகப் பணத்தை அனுப்பினேன்.

வந்த பலகையைக் கண்டதும் முதலில் உறுத்தியது அதன் ஒழுங்கு. என் பழைய படத்தில் இடது மூலையிலுள்ள இரண்டு டைல்களுக்கு இடையே இடைவெளி சற்று அகன்றும், கீழ்வரிசை லேசாகச் சாய்ந்தும் இருந்தன. கையால் செய்த எந்த மொசைக்கிலும் இத்தகைய பிசகுகள் கைரேகை போலப் பதிந்திருக்கும். வாங்கியதிலோ எல்லா இடைவெளிகளும் அளந்துவைத்தாற்போல் இருந்தன. திருகுகளைக் கழற்றிப் பின்பக்க மரப்பலகையை எடுத்துப் பார்த்தேன். சுவரிலிருந்து வந்த பொருளில் பழைய சிமெண்டும் சுவர்ப்பூச்சும் ஒட்டியிருக்க வேண்டும். அங்கே இருந்தது, குளியலறை டைல்களைத் தாள் தாளாக விற்கும்போது பின்னால் ஒட்டிவரும் வெள்ளை வலை. ஒரு டைலில்கூட உடைசல் இல்லை. இறுக ஒட்டிய டைல்களைப் பெயர்க்கும்போது அவை பெரும்பாலும் நொறுங்கிவிடும். அதனால்தான் திருடுகிறவர்கள் கடையில் புதிய டைல்களை வாங்கி உருவத்தை மறுபடி அடுக்குகிறார்கள் என்பது பின்னர் எனக்குத் தெரியவந்தது. அப்படியானால் விற்கப்படுவது யாருடைய படைப்பு?

இதைக் கேட்டபோது, சிதைந்த மொசைக்குகளை ரசிகர்கள் பழுதுபார்ப்பது வழக்கம் என்றும், புதிய டைல்கள் அப்படி வந்தவை என்றும் அவர் பதில் எழுதினார். ரசிகர்கள் மீட்டெடுப்பது உண்மைதான். ஆனால் அவர்கள் அந்தப் பணியைச் சுவரிலேயே செய்கிறார்கள். அதை வீட்டு வரவேற்பறைக்குக் கொண்டுபோவதில்லை. இரண்டாவது கடிதத்துக்கு அவரிடமிருந்து பதிலே வரவில்லை. சான்றிதழை அனுபவமுள்ள ஒரு சேகரிப்பாளரிடம் காட்டினேன். தெருவிலிருந்து எடுக்கப்பட்ட எதற்கும் கலைஞர் சான்று தருவதில்லை என்றும், அந்தத் தாள் விற்பவரே அச்சிட்டதாகத்தான் இருக்கும் என்றும் அவர் சொன்னார்.

இணையத்தில் வாங்கியதை 14 நாள்களுக்குள் திருப்பித் தரும் உரிமை, வணிகரிடம் வாங்கினால்தான் பொருந்தும். தனிநபரிடம் வாங்கினால் பொருந்தாது. வங்கியும் நானே ஒப்புதல் அளித்து அனுப்பிய பணம் என்று கைவிரித்தது. காவல் நிலையத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2017இல் மாநகராட்சிப் பணியாளர்கள் போல ஒளிரும் சட்டை அணிந்தவர்கள் பட்டப்பகலில் இந்த மொசைக்குகளைப் பெயர்த்துச் சென்றார்கள். பாரிஸ் மாநகராட்சி அதைப் பற்றிப் புகார் செய்தது. ஆகவே ‘ஒப்பந்தக்காரர் எடுத்தது’ என்ற கதையைக் கேட்ட உடனேயே நான் விலகியிருக்க வேண்டும். என்னிடம் வந்தது உண்மையாகவே சுவரில் இருந்த பொருளாக இருந்திருந்தால், நிலைமை இதைவிட மோசமாகியிருக்கும்: திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வைத்திருப்பது பிரெஞ்சுச் சட்டப்படி குற்றம். எல்லோரும் நின்று பார்த்த ஒன்றை என் வீட்டுச் சுவருக்குள் அடைக்க முனைந்தேன் என்பது, இழந்த பணத்தைவிட என்னை வருத்துகிறது.

சென்ற வாரம் அதே புகைப்படங்கள் வேறொரு கணக்கில் 3,200 யூரோ விலையுடன் மீண்டும் வந்திருக்கின்றன. வெள்ளைப் பின்னணியில் சிவப்பு உருவம், அகலத்தில் 11 டைல், உயரத்தில் 8 டைல், கறுப்பு மரச்சட்டம். பின்னால் சாம்பல்நிறச் சோபாவின் ஓரம் தெரியும். அந்தப் படங்கள் உங்களுக்கு வந்தால், பின்பக்கப் பலகையைக் கழற்றி ஒரு படம் அனுப்பும்படி கேளுங்கள்.