எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்: கம்மி விலை கன்சோலுக்கு இன்னும் மார்க்கெட் இருக்கா?

மைக்ரோசாஃப்ட்டோட எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ், அதாவது டிவில மாட்டி கேம் ஆடற கன்சோல், நல்ல மெஷின், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா வாங்கலாமான்னு கேட்டா விலையப் பாக்காம பதில் சொல்ல முடியாது, ஏன்னா இந்தப் பெட்டியோட உசுரே அந்த விலையிலதான் இருந்துச்சு. 2020 நவம்பர்ல வந்தப்ப இது 299 டாலர், இதோட பெரிய அண்ணன் சீரிஸ் எக்ஸ் 499, சோனியோட டிஸ்க் போட முடியாத பிஎஸ்5 399. புது ஜெனரேஷன்ல 299-க்கு கீழ எதுவுமே கிடையாது.

மெஷினப் பத்தி முதல்ல சொல்லிடறேன். கைக்கு அடக்கமா சின்னதா இருக்கு, சத்தமே போடாது, எஸ்எஸ்டி இருக்கறதால லோடிங் ஸ்க்ரீன்ல உக்காந்து காத்திருக்கற வேலை ரொம்ப கம்மி. குவிக் ரெஸ்யூம்னு ஒண்ணு இருக்கு, சண்டை நடக்கறப்ப பாதில விட்டுட்டு வேற கேம் ஆடிட்டு திரும்ப வந்தா விட்ட இடத்துலயே அப்படியே நிக்கும், எல்லா கேம்லயும் வராது ஆனா வர்ற கேம்ல அதுக்குப் பழகிட்டா விட மனசே வராது. பிராசஸர் கிட்டத்தட்ட சீரிஸ் எக்ஸ்ல இருக்கறதேதான், வெட்டினது கிராபிக்ஸ்லயும் ரேம்லயும்: கிராபிக்ஸ் வேகம் அதுல 12 டெராஃப்ளாப்ஸ், இதுல 4, ரேம் அதுல 16 ஜிபி, இதுல 10. 1440பி ரெசொல்யூஷனுக்குன்னு (படத்தோட தெளிவு) டிசைன் பண்ணது, ஆனா பெரிய கேம் நிறைய 1080பி பக்கத்துலயோ அதுக்கும் கீழயோதான் ஓடுது. சின்ன டிவில ஆடறவங்களுக்கு இது ஒரு குறையே இல்ல. பெரிய 4கே டிவில பாத்தா தூரத்துல இருக்கற இலை, முடி, கம்பி வேலி இதெல்லாம் கொஞ்சம் கலங்கலா தெரியும், அவ்ளோதான்.

உண்மையான இடி ஸ்டோரேஜ்லதான். 512 ஜிபின்னு போட்டிருந்தாலும் கேம் போட கிடைக்கறது 364 ஜிபி. இப்ப வர்ற பெரிய கேம் ஒண்ணே சர்வ சாதாரணமா 100 ஜிபிய தாண்டுது, அப்ப மூணு போட்டா பெட்டி ஃபுல், நாலாவது வேணும்னா ஒண்ண அழிச்சாகணும், அழிச்சத திரும்ப ஆடணும்னு தோணினா மறுபடி 100 ஜிபி டவுன்லோட். சாதாரண யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்ல புது ஜெனரேஷன் கேம வச்சுக்கலாம், ஆனா அங்கேர்ந்து ஆட முடியாது, அதுக்கு தனி எக்ஸ்பான்ஷன் கார்டு வாங்கணும். அந்த 1 டிபி கார்டு முதல்ல வந்தப்ப 220 டாலர். 299 டாலர் மெஷினுக்கு 220 டாலர்ல கார்டு!

இதுக்கு முன்னாடி கம்மி விலைன்னு வந்ததெல்லாம் என்னாச்சுன்னு பாத்தா ஒரு விஷயம் தெளிவா தெரியும். ஓயாங்கற கன்சோல் 2012-ல, ஜனங்ககிட்டயே முதல் போடச் சொல்லிக் கேக்கற கிக்ஸ்டார்ட்டர் சைட்ல 85 லட்சம் டாலருக்கு மேல சேத்துச்சு, 63 ஆயிரத்துக்கும் மேல ஆளுங்க காசு போட்டாங்க, 2013-ல 99 டாலருக்கு கடைக்கு வந்துச்சு. அதுல ஓடினது பெரும்பாலும் போன்ல வந்த ஆண்ட்ராய்டு கேம்தான், நல்லா பேர் வாங்குன டவர்ஃபால்ங்கற கேம் கூட அடுத்த வருஷமே பிஎஸ்4-க்கும் பிசிக்கும் போயிடுச்சு. 2015-ல ரேசர் கம்பெனி வாங்கி, 2019-ல சர்வர நிறுத்தியாச்சு. பிரேசில்ல 2009-ல வந்த ஜீபோ மொபைல் நெட்வொர்க்லயே கேம் டவுன்லோட் பண்ற மாதிரி அருமையா யோசிச்ச மெஷின், அதுவும் 2011-ல மூடிட்டாங்க. ரெண்டுலயும் விலை சரியாத்தான் இருந்துச்சு, ஆனா அதுக்காகவே ஊர் ஓடி வந்து பெட்டி வாங்கற மாதிரி கேம் அதுல இல்ல. பிஎஸ்2 பாருங்க, 2000-ல 299 டாலருக்கு வந்தது 2009-ல 99 ஆச்சு, அப்ப பிஎஸ்3 வந்து ரெண்டு வருஷத்துக்கு மேல ஆயிடுச்சு, ஆனாலும் ஜனங்க வாங்கினாங்க, ஏன்னா பின்னாடி ஆயிரக்கணக்குல கேம் இருந்துச்சு, பழைய டிஸ்க் அடிமாட்டு விலைக்கு கிடைச்சுது. என்னைக் கேட்டா உலகத்துலயே உருப்படியான கம்மி விலை கன்சோல் அதுதான்.

சீரிஸ் எஸ் இதுல பாதி பாடத்த சரியா படிச்சிருக்கு. பெரிய மெஷின்ல வர்ற அதே கேம் அதே நாள்ல இதுலயும் வருது, ஃபோர்ட்நைட் மாதிரி ஃப்ரீ கேம ஆன்லைன்ல ஆட 2021 ஏப்ரல்லேர்ந்து சப்ஸ்கிரிப்ஷனும் வேண்டாம். மீதி பாதில கோட்டை விட்டாங்க. டிஸ்க் டிரைவ் இல்ல, அதனால பழைய கேம் வாங்கவும் முடியாது, ஆடி முடிச்சத விக்கவும் முடியாது, ஃப்ரெண்டுகிட்ட கடன் கேக்கவும் முடியாது, மைக்ரோசாஃப்ட் ஸ்டோர்ல என்ன ரேட்டோ அதான். கன்சோல் கம்பெனிங்க பெட்டிய நஷ்டத்துல வித்து கேம்ல எடுக்கறது பழைய வழக்கம்தான், அப்ப மைக்ரோசாஃப்ட்டோட கேமிங் பிரிவுக்கு தலைவரா இருந்த ஃபில் ஸ்பென்சரே 2022-ல ஒரு கன்சோலுக்கு 100-லேர்ந்து 200 டாலர் கைய விட்டு போடறோம்னு சொன்னாரு. காசு இல்லாதவன் நம்பி வாங்கற மெஷின்ல பழைய டிஸ்க் வழியையும் அடைச்சா அவன் எங்க போவான்?

இப்ப அந்த விலையும் போச்சு. வருஷம் ஆக ஆக கன்சோல் விலை இறங்கும்னு நாம பழகியிருக்கோம், இது ஏறுது. அமெரிக்கால 2025 மே மாசம் 379.99, அக்டோபர்ல 399.99, அதாவது வந்தப்ப இருந்தத விட 100 டாலர் கூட. மாசா மாசம் காசு கட்டி நிறைய கேம் ஆடற சந்தாவான கேம் பாஸ்ல, அல்டிமேட் பிளானும் அதே அக்டோபர்ல மாசம் 29.99 ஆயிடுச்சு, 2020-ல 14.99 இருந்தது. அந்த ரேட்டுல ஒரு வருஷ சந்தா கிட்டத்தட்ட 360 டாலர், பெட்டியோட முதல் விலைய விட ஜாஸ்தி. 'கம்மி விலை பெட்டி, கூடவே கேம் பாஸ்'ங்கற கணக்குதான் இத வித்துச்சு, அந்தக் கணக்கே இப்ப உதைக்குது.

டெவலப்பர் பக்கமும் இத கவனிக்கணும். பால்டர்ஸ் கேட் 3-ங்கற பெரிய கேம் பிஎஸ்5-க்கு 2023 செப்டம்பர்ல வந்துச்சு, எக்ஸ்பாக்ஸுக்கு டிசம்பர்லதான். ஸ்ப்ளிட் ஸ்க்ரீன், அதாவது டிவிய ரெண்டா பிரிச்சு ரெண்டு பேர் ஆடற வசதிய, சீரிஸ் எஸ்ஸோட ரேம்ல ஓட வைக்க முடியாம இழுத்தடிச்சு, அப்ப இதுல மட்டும் அந்த வசதி இல்லாமதான் விட்டாங்க, 2025 ஏப்ரல்லதான் அது வந்துச்சு. ரேம் பத்தாத பிரச்சினை வருஷம் போகப் போக கூடத்தான் செய்யும். அடுத்து யாராவது கம்மி விலைல கன்சோல் கொண்டு வரணும்னு நெனச்சா கிராபிக்ஸ்ல எவ்ளோ வேணா வெட்டட்டும், ரெசொல்யூஷன குறைச்சு சமாளிச்சுக்கலாம், ரேம்ல மட்டும் கை வைக்கக் கூடாது.

யாருக்கு சரிப்படும்னா, ஃப்ரீ கேம் ரெண்டு மூணையே திரும்பத் திரும்ப ஆடற பசங்களுக்கும், ஏற்கனவே எக்ஸ்பாக்ஸ்ல டிஜிட்டலா கேம் நிறைய சேத்து வச்சிருக்கறவங்களுக்கும். அவங்களும் 300 டாலர் பக்கத்துல ஆஃபர்லயோ செகண்ட் ஹேண்ட்லயோ கிடைச்சா தாராளமா எடுக்கலாம், 399 குடுத்து வேண்டாம். 1 டிபி ஸ்டோரேஜ் மாடல் பக்கம் போகவே போகாதீங்க, 2025 அக்டோபர் விலைல அது 449.99, அப்ப இன்னும் 50 டாலர் சேத்தா டிஸ்க் இல்லாத பிஎஸ்5 கிடைச்சுது, அதுல 16 ஜிபி ரேம்.