பிஎஸ்-6 டீசல் காரில் பயோடீசல்: மூன்று மாதம் ஊற்றிப் பார்த்தேன்

நாமக்கல்லில் எந்த வீட்டுக்குப் போனாலும் டீசல் விலை பேச்சில் வந்துவிடும். பலகாரக் கடைகளில் மீந்த எண்ணெயிலிருந்து எடுத்த பயோடீசல், லிட்டருக்குப் பன்னிரண்டு ரூபாய் குறைவு என்று மச்சான் சொன்னதும் நான் யோசிக்கவே இல்லை. பஜ்ஜி சுட்ட எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாமல் வண்டிக்கு அனுப்புவது நல்ல காரியம் என்று இன்றும் நம்புகிறேன்.

என்னுடையது பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த 2021 மாடல் டீசல் கார். பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினேன். முதல் மாதம் குறையே இல்லை. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது வரும் தடதடப்புகூடக் குறைந்தது. மைலேஜ் மட்டும் கொஞ்சம் இறங்கியது.

மூன்றாவது மாதம் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால், இன்ஜின் ஆயில் மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரல் உயரம் நிற்கிறது. தொட்டால் தண்ணியாக வழிகிறது. மெக்கானிக் மோந்து பார்த்துவிட்டு, "அண்ணே, ஆயில் தானா கூடாது. எரிபொருள் கீழே இறங்குது" என்றார்.

விஷயம் இதுதான். புகைக்குழாயில் இருக்கும் டிபிஎஃப் ஃபில்டர் கரியைப் பிடித்து வைக்கிறது. நிறைந்ததும் 600 டிகிரி அளவுக்குச் சூடேற்றி அதை எரிக்க வேண்டும். அதற்காகப் பல கார்களில் சிலிண்டருக்குள்ளேயே கடைசி நேரத்தில் கொஞ்சம் எரிபொருளைப் பீய்ச்சுகிறார்கள். அதில் ஒரு பங்கு சுவரில் ஒட்டி ஆயிலுக்குள் இறங்கும். சாதா டீசலில் நல்ல பகுதி இன்ஜின் சூட்டிலேயே ஆவியாகிவிடும். பயோடீசல் கொதிக்கவே 300 டிகிரிக்கு மேல் வேண்டும், அதனால் அங்கேயே தங்கிவிடுகிறது. ஆயில் நீர்த்துப்போனால் பேரிங்குக்கும் டர்போவுக்கும் ஆபத்து. என்னைப் போல் ஊருக்குள் சின்னச் சின்ன ஓட்டம் ஓட்டுபவர்களுக்கு இன்னும் மோசம். ஃபில்டரில் கரி எரிப்பது பாதியில் நின்று நின்று மறுபடி தொடங்கும். புகைக்குழாயிலேயே தனி இன்ஜெக்டர் வைத்த வண்டிகளுக்கு இந்தத் தொல்லை இல்லையாம்.

பயோடீசலில் கரி குறைவு, அது சீக்கிரம் எரியவும் எரியும். ஃபில்டருக்கு அது நல்லதுதான். ஆனால் தயாரிக்கும்போது சரியாகக் கழுவாத சரக்கில் சோடியம், பொட்டாசியம் மிச்சம் இருக்கும். அவை சாம்பலாகி ஃபில்டரில் தங்கினால் எந்தச் சூட்டுக்கும் எரியாது. விற்றவரிடம் பயோடீசலுக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 15607 சான்று கேட்டேன். கடைசி வரை காட்டவில்லை.

ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மாற்றியாயிற்று. பங்க் டீசலிலேயே 7 சதவீதம் வரை பயோடீசல் கலக்க அனுமதி உண்டு. டிபிஎஃப் உள்ள காருக்கு அதுவே போதும். அதற்கு மேல் ஊற்றாதீர்கள். மச்சானின் 2012 மாடல் லோடு வண்டியில் டிபிஎஃப் கிடையாது. அவர் இன்னும் அதைத்தான் ஊற்றுகிறார். டேங்கின் பழைய அழுக்கு கரைந்து வந்ததால் டீசல் ஃபில்டரை மட்டும் ஒரு தடவை முன்கூட்டியே மாற்ற வேண்டியிருந்தது.