வட்ஸ்அப் குரூப்பா, கூகுள் கிளாஸ்ரூமா? ரெண்டிலயும் மாரடிச்சவன் சொல்றன்

திருகோணமலையில ஒரு இன்டர்நேஷனல் ஸ்கூல்ல ஐசிடி, அதாவது கம்ப்யூட்டர் பாடம், படிப்பிக்கிறன். இந்த வருஷம் கிரேட் 6ல இருந்து 9 வரைக்கும் ஹோம்வேர்க், நோட்ஸ் எல்லாத்தையும் வட்ஸ்அப்பில இருந்து கூகுள் கிளாஸ்ரூமுக்கு, அதாவது ரீச்சர் ஓன்லைன்ல வேலை குடுத்து வாங்கிற கூகுள்ட வகுப்புக்கு, மாத்தினம். மாத்தத்தான் வேணும் எண்டு ஒற்றைக்கால்ல நிண்டது நான், அதால நடுநிலையா எழுதுவன் எண்டு பாக்காதீங்க.

வட்ஸ்அப்பைப் பற்றிப் பெரிசா சொல்ல ஒண்டுமில்ல. 2020 மார்ச்சில கொரோனாவுக்கு ஸ்கூல் மூடினப்ப எங்களைக் காப்பாத்தினது அதுதான், எல்லா வீட்டிலயும் இருக்கு, ஆருக்கும் காட்டிக்குடுக்கத் தேவையில்ல. காசிலயும் வித்தியாசம் இல்ல, எஜுகேஷன் ஃபண்டமென்டல்ஸ் எண்டு கூகுள் ஸ்கூலுகளுக்குச் சும்மா குடுக்கிறதில கிளாஸ்ரூமும் வருது, முழு ஸ்கூலுக்கும் சேர்த்து 100 டெராபைட் இடமும் கிடைக்குது.

என்ட பிரச்சினை பேர்தான், அதாவது ஆர் எழுதினது எண்டுறது.

கிரேட் 7 குரூப்பில முப்பது நம்பருக்குக் கிட்ட இருந்தது, பிள்ளையள்ட சொந்த நம்பர் ஒண்டுமில்ல. தனியா வட்ஸ்அப் எக்கவுண்ட் திறக்க 13 வயசு ஆகவேணும், இவங்களுக்கு 12. அப்ப இருக்கிறதெல்லாம் அம்மாட, வாப்பாட, அப்பப்பாட, கட்டார்ல இருக்கிற மாமாட நம்பர். ஒரு நாள் ராத்திரி ஒரு பிள்ளை அனுப்பின கொப்பிப் போட்டோவுக்குக் கீழ "கோழி கிண்டின எழுத்து" எண்டு ஒரு மெசேஜ், அதுக்குக் கீழ வரிசையா சிரிப்பு இமோஜி. நம்பர் ஒரு அம்மாட. அவ "ஐயோ சேர், நான் எழுதேல்ல" எண்டு சத்தியம் பண்றா, மகனைக் கேட்டா அண்ணா எண்டுறான், அண்ணாவைக் கேட்டா தம்பி எண்டுறான். விடியிறதுக்குள்ள மெசேஜை அழிச்சிட்டாங்க, ஆனா ஸ்க்ரீன்ஷொட் அதுக்கு முதலே பெற்றோர்ட வேற ரெண்டு குரூப்புக்குப் போயிட்டுது. அட்மினா இருந்தா நானும் அழிக்கலாம்தான், அழிச்சு என்ன, ஆரைக் கூப்பிட்டு வச்சுக் கதைக்கிற?

பகிடி என்னண்டா, அந்தக் கிழமைதான் டிஜிட்டல் சிட்டிசன்ஷிப் பாடத்தில "ஓன்லைன்ல நீ எழுதுறது உன்ட பேரில நிக்கும்" எண்டு ஸ்லைட் போட்டுக் காட்டினனான். அங்க அவனுக்குப் பேரே இல்ல, எங்க போய் நிக்கிற!

அம்மாமார்ட நம்பர் குரூப்பில இருக்கிற எல்லாருக்கும் தெரியுறது இன்னொரு தலையிடி. முன்ன பின்ன தெரியாத ஆரோ ஒரு அப்பா தினமும் காலமை குட் மோர்னிங் பூ அனுப்புறார் எண்டு ஒரு அம்மா வந்து சொன்னா, நான் என்ன செய்ய.

கிளாஸ்ரூம்ல ஸ்கூல் எக்கவுண்ட், பிள்ளையிட பேர், போன் நம்பர் கதையே இல்ல. கமென்ட் போட்டா பேரோட நிக்கும். பிறகு அழிச்சாலும் ரீச்சர்மாருக்கு மட்டும் அதைக் காட்டுற செட்டிங் இருக்கு, மத்தப் பிள்ளையளுக்குத் தெரியாது. ஆளை ம்யூட் பண்ணினா கமென்ட்தான் போடேலாது, வேலைய ஒப்படைக்கலாம். ரெண்டாம் தவணையில இதே மாதிரி ஒரு நக்கல் வந்தது, பொடியனை இன்டர்வல்ல கூப்பிட்டு ஸ்க்ரீனைக் காட்டினன், ரெண்டு நிமிஷத்தில "நான்தான் சேர்" எண்டான். அவ்வளவுதான், வீட்டுக்குப் போன் அடிக்கவும் இல்ல. குரூப் வேலைக்கும் கூகுள் டொக்ஸ்ல, ஆர் எப்ப எதை எழுதினது எண்டு காட்டுற வேர்ஷன் ஹிஸ்டரியைத் திறந்தா நாலு பேர் பேர் போட்ட கட்டுரையை ஒருத்தியே இரவிரவா எழுதினது தெரியுது.

ஆனா இதைக் கட்டி மேய்க்கிறது லேசில்ல. முதல் மாசம் பாஸ்வேர்ட் மறக்காத பிள்ளையே இல்ல, சாதாரண ரீச்சருக்கு அதை மாத்தேலாது, அட்மின்தான் மாத்தவேணும், அந்த அட்மினும் நான்தான். கந்தளாய்க்கு ஒரு கலியாணத்துக்குப் போன இடத்திலயும் பந்தியில இருந்துகொண்டு பாஸ்வேர்ட் மாத்திக் குடுத்தனான். வீட்டில ஒரே போன் எண்டா பழைய பேர்ப் பிரச்சினை திரும்பியும் வரும், ஒரு தம்பி அக்காட எக்கவுண்டில தன்ட கணக்கை ஒப்படைச்சிட்டான், அக்காக்கு 10க்கு 4. வட்ஸ்அப்புக்கு மட்டும் டேட்டா போடுற வீடுகள்ல கிளாஸ்ரூம் திறக்காது, இது உண்மையான குறை, அதுக்காக ஸ்கூல் விட்ட பிறகு ஒரு மணித்தியாலம் லேப்பைத் திறந்து விடுறம்.

மைக்ரோசொஃப்ட் டீம்ஸ் எப்பிடி எண்டு கேக்கிறாங்க. ஒரு தவணைதான் பாவிச்சன், எங்கட பிள்ளையள்ட பழைய போன்ல இழுத்து இழுத்து ஓடினது, அதுக்கு மேல தீர்ப்புச் சொல்ல எனக்கு அனுபவம் காணாது. கிரேட் 5க்குக் கீழ படிப்பிச்சதும் இல்ல, சின்னப் பிள்ளையளுக்கு அம்மாட வட்ஸ்அப்பே நல்லமோ என்னவோ.

பழைய குரூப்பை அழிக்கேல்ல, அட்மின் மட்டும் மெசேஜ் போடுற மாதிரி பூட்டி வச்சிருக்கிறம். மாரி மழைக்கு ஸ்கூல் இல்ல எண்டு ஒருக்கா கிளாஸ்ரூம்ல மட்டும் போட்டுப் பாத்தன், விடிய ஏழு பிள்ளையள் குடையோட கேற்றடியில நிக்குதுகள்.